கவிழ்த்து வைத்த மூடி

காலை ஐந்தே முக்கால். அக்கா கண் விழித்தபோது வலது கை மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

இடது கையால் அதை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஊறவைத்த துணிபோல் கனத்தது. பிறகு தோள் விழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

உண்மையில் அவள் ஒருவனுக்குத்தான் அக்கா. ஆனால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அதுதான் அவள் பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுகிறவளிடம் வயதைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கோடையில் ஒரே ஒரு மாதம்தான் இந்தக் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த மாதத்தை நம்பித்தான் கடை. சுற்றுலா வருகிறவர்களுக்குக் கடலில் துடுப்புப் போடும் கயாக் படகுகள், பின்னால் இருக்கும் மலையில் சைக்கிள்கள். கடல் அக்காவுடையது. மலை தம்பியுடையது. இது கடைசி வாரம். எவ்வளவு குளித்தாலும் காதுக்குப் பின்னால் உப்பு இருந்தது. துவைத்த துணி காய்வதற்குள் அடுத்தது நனைந்தது. வருகிறவர்கள் புதிதாக வந்தார்கள், சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அதே நகைச்சுவைகளுக்கு அவளும் தினமும் சிரித்தாள்.

போன வாரம் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. எலும்பு மருத்துவர் அவள் தோளை இரண்டு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாதத்தோடு துடுப்பை மறந்துவிடுங்கள் என்றார். அன்று மாலையே தம்பி மனைவி வாய் தவறி ஒன்றைச் சொன்னாள். நகரத்தில் ஒரு சைக்கிள் கம்பெனி தம்பியை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. சொன்னவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள்.

அவன் இருக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. அவன் இல்லாவிட்டால் கடலும் இல்லை, கடையும் இல்லை. ஆனால் கை விஷயம் தெரிந்தால் அவன் அந்த வேலைக்குப் போகவே மாட்டான். இங்கேயே உட்கார்ந்துவிடுவான். ஒரு நாளும் சொல்லிக்காட்டவும் மாட்டான். அதுதான் அவளுக்குத் தாங்காது. அவனாக வாய் திறந்து, போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ சொல்லட்டும். அதுவரை கையைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று இருந்தாள்.

இப்படித்தான் நேற்றைய விஷயத்தையும் மறைக்க வேண்டியதாயிற்று. பாறை முனையில் திரும்பும்போது கை சொன்னபடி கேட்கவில்லை. அவளுடைய சிவப்புப் படகின் வால் பாறையில் இடித்தது. அடியில் மயிரிழை விரிசல். மாலையில் படகைக் கொட்டகையில் வைத்துவிட்டு, அதன் வாலில் சாமான் வைக்கும் பின்னறையின் வட்ட மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். மூடி கவிழ்ந்திருந்தால் அந்தப் படகு கடலுக்குப் போகாது. கடையின் சட்டம் அது. எழுதி ஒட்டினால் ஈரத்தில் நிற்காது, மூடி நிற்கும்.

வாயால் சொல்லியிருந்தால், எப்படி இடித்தது என்று அவன் கேட்டிருப்பான்.

கீழே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்தாள்.

சமையலறையில் தம்பி கால்சட்டை முழங்கால்வரை நனைந்து நின்றிருந்தான். தம்பி மனைவி அவன் நின்ற ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ இவ்வளவு சீக்கிரம் எந்திரிச்சா மழை வரும்டா," என்றாள் அக்கா.

"வரட்டும். படகெல்லாம் கரைக்குப் போயாச்சு. இன்னிக்கு மாத்திக்குவோம். நான் தண்ணிக்குப் போறேன். நீ மலைக்குப் போ."

"எதுக்கு?"

"சைக்கிள் சீட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பின்னாடி ஒண்ணுமே மிச்சமில்ல. வேணும்னா இவளக் கேளு."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள் மனைவி, துடைப்பதை நிறுத்தாமல்.

"மூணு வருஷமாச்சு நீ துடுப்பு புடிச்சு," என்றாள் அக்கா.

"அதெல்லாம் மறக்குமா?"

"மறக்கும்," என்றாள் மனைவி. "போன வாரம் என்னையே படகுத்துறையில மறந்துட்டு வந்தாரு, அண்ணி. பாதி தூரம் வந்தப்புறம்தான், என்னடா வேன் அமைதியா இருக்கேன்னு யோசிச்சிருக்காரு."

தம்பி சிரித்தான். அக்காவைப் பார்க்காமல் டீயை நகர்த்தி வைத்தான். "இன்னிக்கு அகலப் பாதைதான். வந்திருக்கறவங்க எல்லாம் பழகினவங்க. நீ சைக்கிள்ல ஏறவே வேண்டாம். வேன்லயே பின்னாடி உருண்டு வா."

மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டும். அவள் டீயைக் குடித்தாள். தினமும் செய்வதுபோல் சுவரில் இருந்த வாக்கி-டாக்கியை எடுத்துச் சட்டையில் செருகிக்கொண்டு வேனுக்குப் போனாள்.

மலைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒரு வங்கி மேலாளர். ஒரு மாமியார், மருமகள். மேலாளர் போட்டிருந்த இறுக்கமான உடையில் அவருடைய காலை உணவுவரை தெரிந்தது. மாமியார் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. பறவை பார்ப்பதற்கு என்றார்.

"பறவையும் பார்ப்பாங்க," என்றாள் மருமகள், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் எங்க விழுவேன்னும் பார்ப்பாங்க."

வேன் உச்சி வளைவில் நின்றது. அவர்களே சைக்கிள்களை இறக்கினார்கள். கீழே விரிகுடா முழுவதும் தெரிந்தது. கரையிலிருந்து பார்க்கும்போது பெரிதாக இருக்கும் கடல் இங்கிருந்து ஒரு தட்டு அளவுதான். அக்கா வேன் கதவில் சாய்ந்து நின்றாள். பத்து நிமிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த மாதத்தில் அவளுக்கு அப்படிப் பத்து நிமிடம் கிடைத்ததே இல்லை.

பழக்கத்தில் படகுகளை எண்ணினாள். நான்கு மஞ்சள். ஒரு சிவப்பு.

சிவப்பா?

"அதைக் கொஞ்சம் குடுங்க," என்று மாமியாரின் கழுத்திலிருந்தே பைனாகுலரை இழுத்தாள். அந்த அம்மாளும் சேர்ந்து குனிய வேண்டியிருந்தது.

சிவப்புப் படகு கடைசியாக வந்துகொண்டிருந்தது. மூக்கு தூக்கியிருந்தது. காற்று அதை ஒரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, தம்பி ஒரே பக்கம் துடுப்புப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். வால் கனத்த படகு அப்படித்தான் போகும். தண்ணீர் பின்னறையில் ஏறிவிட்டது.

அக்கா சட்டையிலிருந்து வாக்கியை எடுத்து அழுத்தினாள்.

"கடையில யாரு?"

"நான்தான் அண்ணி. மலை ஏறியாச்சா?"

"அவன் எதுக்குச் செவப்புப் படகை எடுத்தான்?"

"உங்க படகுன்னு ஆசையா எடுத்துட்டுப் போனாரு."

"மூடி கவுந்து இருந்துச்சே?"

"அதுவா? இருட்டோடயே எந்திரிச்சு எல்லாப் படகையும் அவரே துடைச்சு, மூடியெல்லாம் போட்டாரு. ஏன் அண்ணி?"

"அதுல விரிசல் இருக்கு. தண்ணி ஏறிட்டிருக்கு. நீ கடையை அப்படியே போட்டுட்டு ஓடு. துறையில மோட்டார் படகுக்காரர் இருப்பாரு, உடனே கெளம்பச் சொல்லு."

"ஐயோ. அவருக்கு வாக்கில சொல்லுங்களேன் அண்ணி, திரும்பி வரட்டும்."

அக்கா கையில் இருந்ததைப் பார்த்தாள். கடையில் ஒன்று இருக்கும். கடலுக்குப் போகிறவரிடம் ஒன்று இருக்க வேண்டும். மொத்தமே இரண்டுதான்.

"அது என்கிட்டதான் இருக்கு," என்றாள்.

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஓடும் செருப்புச் சத்தம்.

"ஏறுங்க எல்லாரும்," என்றாள் அக்கா. "இன்னிக்கு சவாரி இல்ல."

"என்னங்க இது," என்றார் மேலாளர். "இப்பதான் ஹெல்மெட்டே சரியா உட்கார்ந்துச்சு."

அவள் அருகில் இருந்த சைக்கிளை எடுத்து வேனின் கூரைக்குத் தூக்கினாள். தோள்வரை போயிற்று. அதற்குமேல் வலது கை என்று ஒன்று இல்லை. சைக்கிள் அவள் முட்டியில் இடித்துத் தரையில் விழுந்து, சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலாளர் வாயை மூடிக்கொண்டார்.

மாமியார் வந்து அதை எடுத்தார். "நீ போய் வண்டிய எடும்மா. நாங்க ஏத்திக்கறோம்." மருமகள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். பேசிவைத்ததுபோல் இருந்தது.

ஓட்டுநர் இருக்கையில் அக்கா ஒரு நொடி கண்ணை மூடினாள். பக்கத்தில் மாமியார் ஏறி உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இந்தக் கை இப்படி?" என்றார் தணிந்த குரலில்.

"கொஞ்ச நாளா."

"வீட்டுல தெரியுமா?"

"கடலைப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் அக்கா. "எனக்கு ரோட்டைத்தான் பார்க்க முடியும்."

வேன் இறங்கியது. ஒரு கையால் ஓட்டினாள். மற்றது மடியில் கிடந்தது. சரளைக்கற்கள் அடியில் தெறித்தன. மாமியார் ஜன்னலில் முழங்கையை ஊன்றிப் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டார்.

"மஞ்சள் எல்லாம் திரும்புது."

"செவப்பு?"

"அது நிக்குது. பின்பக்கம் இன்னும் தாழ்ந்துடுச்சு. மஞ்சள் எல்லாம் அதுகிட்ட போகுது."

"நல்லது."

"ரெண்டு அந்தப் பக்கம், ரெண்டு இந்தப் பக்கம். ஒட்டிக்கிட்டாங்க. உன் தம்பி கையை நீட்டி ஏதோ சொல்றாரு..."

வளைவு வந்தது. பாறைச் சுவர் கடலை மறைத்தது.

வாக்கியை அழுத்தினாள். இரைச்சல். மலை மறைத்தால் அது வெறும் பெட்டிதான். அடுத்த வளைவு. பாறை. அதற்கடுத்தது. மரங்கள். பின்னிருக்கையில் மேலாளர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கும்பிடுகிறவர்போல் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒருவன் துடுப்பைத் தொடவில்லை. மறுக்காமல் அவனைக் கடலுக்கு விட்டது இந்தக் கைதான். படகில் விரிசலை உண்டாக்கியதும் இதுதான். வாக்கியை எடுத்துக்கொண்டு வந்ததும் இதுதான்.

கடைசி வளைவில் வாக்கி தானாகக் கரகரத்தது.

"அண்ணி... அண்ணி, கேக்குதா? கரைக்கு வந்துட்டாங்க. எல்லாரும் வந்துட்டாங்க."

அக்கா வேனை ஓரமாக நிறுத்தினாள். தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். பின்னால் மேலாளர் உரக்க மூச்சு விட்டார்.

"மெதுவா எடு," என்றார் மாமியார். "இனிமே ஒண்ணும் அவசரமில்ல."

கரையில் சிவப்புப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. பின்னறையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு படகுக்குள் அவ்வளவு கடல் இருந்திருக்கிறது. தம்பி பக்கத்தில் மணலில் மல்லாந்து படுத்திருந்தான். அவன் மனைவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அழுவதற்கும் திட்டுவதற்கும் நடுவில் இருந்தாள்.

கடலுக்குப் போன நான்கு பேரும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். நால்வரும் ஒரே பல் மருத்துவமனைக்காரர்கள்.

"அக்கா, நாங்கதான் உங்க தம்பியைத் தூக்கிட்டு வந்தோம்!" என்றார் மூத்த பல் டாக்டர். "ஆட்டம் கண்ட பல்லைப் பக்கத்துப் பல்லுங்க தாங்கற மாதிரி. அவரே சொல்லிக் குடுத்தாரு. பிரமாதமான அனுபவம்."

"நான் போறதுக்குள்ள இவங்களே பாதி தூரம் வந்துட்டாங்க," என்றார் மோட்டார் படகுக்காரர். ஏமாற்றம் தெரிந்தது. "சும்மா பின்னாடியே வந்தேன், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வர்ற மாதிரி."

தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து அக்காவைப் பார்த்தான். "மலை எப்படி இருந்துச்சு?"

"மேடா இருந்துச்சு," என்றாள்.

மாலையில் எல்லோரும் போனபின் படகுகளைக் கழுவினார்கள். தம்பி குழாயைப் பிடித்தான். அக்கா இடது கையால் துடைத்தாள். மாடியில் தம்பி மனைவி பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவிக்கொண்டிருந்தாள். அவன்மேல் இருந்த கோபம் பாத்திரங்களுக்குத்தான் கிடைத்தது.

"வாக்கிய எடுத்துட்டுப் போனது என் தப்பு," என்றாள் அக்கா.

"கேட்டு வாங்காதது என் தப்பு. விடு."

"மூடி கவுந்து இருந்ததைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா எடுத்தே?"

அவன் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினான். "அசதில மூடக்கூட முடியாமப் போட்டுட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன். பாவம், காலையில கொஞ்சம் தூங்கட்டும்னு நானே மூடினேன்."

அக்கா துணியைப் பிழிந்தாள். ஒரு கையால் பிழிந்தால் சரியாகப் பிழியாது.

"மூடி கவுந்து இருந்தா எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"நீதானே?"

"நீடா."

அவன் நிமிர்ந்தான். நிஜமாகவே யோசித்தான். குழாய் தண்ணீர் அவன் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம முதல் கோடையில," என்றாள் அக்கா. " வால் ஒழுகற படகை நான் தெரியாம எடுத்துட்டுப் போயி நனைஞ்சு வந்தேன். நீதான் சிரிச்சு சிரிச்சு, மூடியக் கவுத்து வெச்சு, இனிமே இதுதான் அடையாளம்னு சொன்னே. நான் எழுதி ஒட்டலாம்னேன். எழுதினா நீ படிக்கவா போறேன்னு கிண்டல் பண்ணினே."

"ஆமால்ல," என்றான் மெதுவாக. "நான்தான்."

அவன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தான் போட்ட சட்டத்தை ஒருவன் மறந்திருக்கிறான் என்றால், அவன் இங்கிருந்து கிளம்பி ரொம்ப நாளாகிவிட்டது. உடம்பு மட்டும் கோடை முடியட்டும் என்று காத்திருக்கிறது. இருட்டோடு எழுந்து எல்லாப் படகையும் துடைத்துவைத்தது, விருந்துக்கு வந்தவன் போகுமுன் வீட்டைப் பெருக்கிக் கொடுப்பதுபோல.

அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லிவிட்டான். அவனுக்கே தெரியாமல் சொல்லிவிட்டான்.

"சைக்கிள் கம்பெனிக்குப் பதில் சொல்லிட்டியா?" என்றாள்.

அவன் மாடியைப் பார்த்தான். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அவ சொன்னாளா?"

"வாய் தவறிடுச்சு. அவளைத் திட்டாதே."

"இன்னும் பதில் சொல்லல."

"போறேன்னு சொல்லு."

"கடை?"

"நான் இருக்கேன்ல."

"மலை?"

"மலை எங்கயும் போயிடாது. நீ ஒருத்தன் மெதிச்சாத்தான் அது நிக்குமா? யாராவது ஒரு ஆள் கிடைப்பான்."

"கடல்?"

"இத்தனை வருஷம் யாரு பார்த்தா? நீயா பார்த்தே? இனிமேலும் நானே பார்த்துக்கறேன்." குரல் சரியாகத்தான் வந்தது. "போடா. ஞாயித்துக்கிழமை லீவு குடுப்பானாம். ஞாயித்துக்கிழமை தூங்கினா எப்படி இருக்கும்னு ஒரு நாள் வந்து எனக்குச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. குழாயை மூடினான்.

சிவப்புப் படகை இருவரும் கீழ்த்தட்டுக்குள் தள்ளினார்கள். அவன் அதன் மூடியைக் கழற்றினான். கவிழ்த்து வைத்தான். இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.

மஞ்சள் படகுகளில் மூன்று கீழ்த்தட்டிலும் நடுத்தட்டிலும் ஏறின. கடைசிப் படகுக்கு மேல்தட்டில்தான் இடம். அது தலைக்கு மேலே இருக்கும். தம்பி முன்முனையை எடுத்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோனான். அக்கா பின்முனையை இடது கையால் இடுப்புவரை தூக்கினாள்.

அங்கேயே நின்றாள்.

"தூக்கு," என்றான் அவன், திரும்பாமல்.

"ஈரம். வழுக்குது. தரையிலயே கெடக்கட்டும், காலையில ஏத்திக்கலாம்."

அவன் படகை இறக்கவில்லை. கைகளை உயர்த்தியபடியே நின்றான். ஈரம் அவன் முழங்கையில் வழிந்தது.

"ஒரு வாரமா மேல்தட்டு காலியாத்தான் கெடக்கு," என்றான்.

மாடிப்படியில் தம்பி மனைவி இறங்கி வந்து பாதியில் நின்றாள்.

அவன் தன் முனையை மெல்லக் கீழே வைத்தான். அவளைச் சுற்றி வந்து, அவள் பிடித்திருந்த முனையையும் வாங்கி மணலில் வைத்தான். எதிரே வந்து நின்றான். சின்ன வயதில் அவன் பொய் சொல்லிப் பிடிபட்டபோது அவள் அவனைப் பார்த்ததுபோல் அவளைப் பார்த்தான்.

"நான் எதுக்கு இன்னிக்குத் தண்ணிக்குப் போனேன்னு நெனச்சே?" என்றான். "அக்கா, அந்த வலது கையத் தூக்கு, பார்ப்போம்."